கொறோலா 110: ஒயில் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க முடியவில்லை

சிவப்புமண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996 ஆம் ஆண்டுக் கொறோலா 110, 5ஏ எஞ்சின், மனுவல் கியர். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓடுகிறேன். கிழமையில் மூன்று நாள் முள்ளியவளையிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய் வருகிறேன்.

போன மாதம் முறிகண்டியில் நிறுத்திக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் முன் சில்லுக்கு உட்பக்கமாகப் புழுதியில் மூன்று கறுப்புப் பொட்டு. முன்னம் அந்த இடத்தில் நின்ற வானுடையதாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டு முற்றத்தில் விட்டால் விடிய அதே மூன்று பொட்டு, ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைய ஊற்றுகிறேன். புகை இல்லை, இழுவையும் குறையவில்லை, ஒயில் லைற்றும் பத்தவில்லை. 2022 இல் பெற்றோல் இல்லாத நேரம் கார் ஐந்து மாதம் மாமரத்துக்குக் கீழே சும்மா நின்றது, அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரு கராஜில் கீழே குனிந்து ஒருக்கால் பார்த்துவிட்டு, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் பக்கத்தில் உள்ள பின் ஒயில் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸ் இறக்க வேண்டும், கூலி மட்டும் நாற்பதாயிரம், இறக்கினால் கிளச் பிளேற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் நல்லது என்றார்கள். இன்னொரு இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றி ஓடுங்கள், நின்றுவிடும் என்றார்கள். ஊற்றினேன், நிற்கவில்லை. கீழே படுத்துப் பார்த்தேன். ஒயிலும் செம்மண் புழுதியும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடக்கிறது, எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்ப், கியர்பொக்ஸ், குறுக்குச் சட்டம் எல்லாம் ஒரே நிறம். எதிலிருந்து எது வருகிறது என்று ஒன்றும் விளங்கவில்லை. நாற்பதாயிரத்தைக் கொட்ட முன் நானே செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?


கண்டிவீதி எழுதியது:

கழுவாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் களியோடு பார்த்து பின் சீல் என்று சொன்னவர் ஊகித்துத்தான் சொல்லியிருக்கிறார், சரியாகவும் இருக்கலாம், ஆனால் ஊகம் ஊகம்தான்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரையும் ஒல்ரனேற்றரையும் சொப்பிங் பையால் சுற்றிக் கட்டுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள், ஒரு பேணி மண்ணெண்ணெய் போதும். பிறகு சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரால் கழுவி விடுங்கள். சேர்விஸ் ஸ்ரேசனில் கொடுத்தால் அரை மணித்தியால வேலை, ஆனால் பிறசர் கண்ணை டிஸ்ரிபியூட்டருக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் கார் அங்கேயே நிற்கும். கீழே போகும்போது ஜக்கை மட்டும் நம்பாமல் மரக்குற்றி வையுங்கள், முற்றம் மணல் என்றால் ஜக்குக்குக் கீழே பலகையும்.

காய்ந்த பிறகு பேபி பவுடரை எஞ்சின் தலையை மூடியிருக்கும் டப்பற் கவரின் ஓரம், சம்ப் ஓரம், கியர்பொக்ஸும் எஞ்சினும் சேரும் இடம், ஒயில் பிறசர் சுவிச், பில்ரர் அடி என்று சந்தேகமான இடமெல்லாம் ஊதி விடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து ரோச் லைற் அடித்துப் பார்த்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு தெரியும். நீங்கள் தேட வேண்டியது அந்தக் கோடு தொடங்குகிற ஆக மேல் இடம். ஒயில் மேல் நோக்கி ஏறாது. ஆனால் ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், அதனால் முற்றத்தில் சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நெடுகத் தூரம் ஓடினால் எல்லாம் திரும்ப ஒரே சேறாகிவிடும், அதனால்தான் பத்துப் பதினைந்து என்று சொன்னேன்.

இன்னொன்று, அது எஞ்சின் ஒயில்தானா? இரவு காருக்குக் கீழே பெரிய மட்டை ஒன்றை விரித்து, நான்கு சில்லும் நிற்கும் இடத்தைப் பேனையால் குறித்து வையுங்கள். விடிய சொட்டைத் தொட்டு மணந்து பாருங்கள். கியர் ஒயில் என்றால் கூழ்முட்டை மாதிரிக் கந்தக மணம் அடிக்கும், தொட்டால் தடிப்பாக இருக்கும். பவர் ஸ்ரியரிங் ஒயில் சிவப்பு, பழசானால் மண்ணிறம், அதைத்தான் பலர் மாறி நினைப்பது. ஒயில் பார்க்கிற கம்பியில் அளவு இறங்குகிறது என்றபடியால் உங்களுடையது எஞ்சின் ஒயிலாகத்தான் இருக்கும், இருந்தாலும் இரண்டு ஒழுக்கு ஒன்றாக இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை.


வயல்கரை எழுதியது:

நான் ஒரு மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். முப்பது வயதுக் கார் நாளுக்கு மூன்று சொட்டு விட்டால் அது வியர்வை. இருபது சொட்டுச் சேர்ந்தால் ஒரு மில்லி லீற்றர் வரும், கணக்குப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கூட இல்லை. என்னிடம் நிற்கும் ஹைஏஸ் எத்தனையோ வருடமாக ஒழுகுகிறது, மாதம் ஒருக்கால் ஊற்றுகிறேன், வயலுக்கும் சந்தைக்கும் ஓடுகிறது. நாற்பதாயிரத்துக்கு எத்தனை லீற்றர் ஒயில் வாங்கலாம் என்று பாருங்கள்.


கண்டிவீதி எழுதியது:

வயல்கரை அண்ணை, உங்கள் கணக்கு சரி, அதனால்தான் இது வியர்வை இல்லை என்கிறேன். நின்ற இடத்தில் மூன்று சொட்டு, ஆனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் இறங்குகிறது. அப்படியென்றால் மிச்சம் ஓடும்போது போகிறது. இந்த எஞ்சினில் மொத்தமே மூன்று லீற்றரும் சொச்சமும்தான் இருக்கும், இரண்டு மாதம் கம்பியைப் பார்க்க மறந்தால் பாதி இருக்காது. ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் ஒயில் லைற் பத்தினால் யாரைக் கூப்பிடுவது? பத்தின உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும், வீடு வரைக்கும் மெதுவாக ஓடிப் பார்ப்போம் என்பதெல்லாம் சரிவராது.


பழைய கேம்பிரிஜ் எழுதியது:

தம்பி சிவப்புமண், கழுவச் சொன்னது சரியான கதை. அதோடு 110 என்றபடியால் நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்கு இந்த ஒழுக்கு விசயத்தில் ஒரு பழைய கோபம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் ஓஸ்ரின் கேம்பிரிஜ் காரை மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால் இறங்கிச் சம்பில் ஒயிலோடு கலக்கும். கம்பியை இழுத்தால் ஒயில் குறைந்திருக்காது, கூடியிருக்கும்! தண்ணீர் மாதிரி மெலிந்த ஒயில் மூட்டுகளில் கசியாமல் வைக்கிற கண்ட கண்ட பெக்கிங்கால் எல்லாம் வழியும். அப்படி ஒருமுறை பின்னால்தான் போகிறது என்று நம்பி, கியர்பொக்ஸை இறக்கி இரண்டு நாள் மினக்கெட்டுக் கடைசியில் பார்த்தால், டப்பற் கவரின் பின் மூலையால் வழிந்து எஞ்சினின் முதுகால் இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து எடுத்த எடுப்பில் கியர்பொக்ஸை இறக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

உங்கள் எஞ்சினில் ரைமிங் பெல்ற் சாரதிப் பக்கம், கியர்பொக்ஸ் மற்றப் பக்கம். டிஸ்ரிபியூட்டர் எஞ்சின் தலையில் கியர்பொக்ஸ் பக்க நுனியில் குத்தி நிற்கிறது. அது தலைக்குள் போகிற கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும், வருடக்கணக்கில் சூட்டில் வெந்து பிளாஸ்ரிக் மாதிரி இறுகிப் போகும். பிறகு ஒயில் மெதுவாகக் கசிந்து கியர்பொக்ஸ் மணியின் (எஞ்சினோடு சேருகிற அகன்ற வாய்) மேல் விழுந்து, அதைச் சுற்றி இறங்கி, சம்பும் கியர்பொக்ஸும் சந்திக்கிற இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்கு அது அச்சொட்டாகப் பின் சீல் மாதிரியே தெரியும். ரொயோட்டா ஏ எஞ்சின்களில் இது ஊரறிந்த வியாதி.

பொனற்றைத் திறந்து டிஸ்ரிபியூட்டருக்கு அடியில் விரலை விடுங்கள். ஈரம் என்றால் பாதி விசயம் முடிந்தது. கழற்ற முன் டிஸ்ரிபியூட்டர் உடலிலும் தலையிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள், நகப்பூச்சாலும் போடலாம். கோடு இல்லாமல் கழற்றினால் ரைமிங் மாறிப்போகும், பிறகு ரைமிங் லைற் உள்ள ஆளைத் தேடித் திரிய வேண்டும். பழைய ரிங்கைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். மூடியையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் நின்றால் டிஸ்ரிபியூட்டரின் உள் சீலும் போய்விட்டது, வெளி ரிங் மாற்றி வேலை இல்லை.

உண்மையில் பின் சீல்தான் என்றால் மேலே எல்லாம் காய்ந்திருக்க, கியர்பொக்ஸ் மணியின் உட்பக்கத்தால் மட்டும் வழியும். கிளச் பிளேற்றில் ஒயில் பட்டால் ஏற்றத்தில் நழுவும். உங்களுக்கு அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டாம், நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை ஒரேயடியாக அமத்திப் பாருங்கள், எஞ்சின் கத்தி வண்டி இழுக்காவிட்டால் அதுதான்.

இன்னும் ஒன்று, எஞ்சினுக்குள் சேருகிற காற்றை வெளியே விடுகிற பி.சி.வி. வால்வு. டப்பற் கவரில் குத்தியிருக்கும், குழாயோடு. கழற்றிக் குலுக்கினால் கிலுகிலு என்று சத்தம் வர வேண்டும். அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் காற்று அமுக்கம் ஏறி, நல்ல சீலால் கூட ஒயிலைத் தள்ளும், நீங்கள் எத்தனை பெக்கிங் மாற்றினாலும் ஆறு மாதத்தில் திரும்ப ஒழுகும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அதன் மேல் ஒரு கடதாசித் துண்டை வையுங்கள். மெல்ல உறிஞ்சிப் பிடித்தால் நல்லது, துள்ளித் துள்ளி எறிந்தால் அங்கே பாருங்கள்.


சிவப்புமண் எழுதியது:

பத்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்குக் கீழேதான் கிடந்தேன்.

கழுவ மட்டும் இரண்டரை மணித்தியாலம். களியைத் திருகாணிச் சாவியால் சுரண்டி எடுத்தேன், ஒரு தாச்சி நிறைய வந்தது. பவுடர் பூசி முள்ளியவளையிலிருந்து தண்ணீரூற்றுக்கும் திரும்பியும் இரண்டு முறை ஓடினேன். வந்து பார்த்தால் சம்ப் ஓரம் வெள்ளையாக அப்படியே இருக்கிறது, கியர்பொக்ஸின் மேல் முதுகில் மட்டும் ஒரு விரல் அகலத்தில் கறுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் நேராக டிஸ்ரிபியூட்டர். ஐயா சொன்னபடியேதான்.

கழற்றினால் ரிங் முறிந்து இரண்டு துண்டாக வந்தது. வளைக்கப் பார்த்தேன், உலர்ந்த ஈர்க்கு மாதிரி முறிகிறது. வவுனியாவில் ஒரு கடையில் அளவு பார்த்து எடுத்தேன், இருநூறு ரூபாய். அந்தக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார், கறுப்பு ஒன்று, மண்ணிறம் ஒன்று. மண்ணிறம் வைற்றன் ரப்பர், சூட்டுக்குத் தாங்கும் என்றார், விலை கூட என்றாலும் அதையே வாங்கினேன். மூடிக்குள் காய்ந்திருந்தது. பி.சி.வி. வால்வு குலுக்கினால் சத்தமே இல்லை, தார் மாதிரி அடைத்திருந்தது. காபரேற்றர் கிளீனர் அடித்தும் சரிவரவில்லை, யாழ்ப்பாணம் போகிற ஒருவரிடம் சொல்லி ஸ்ரான்லி வீதியில் புதிதே எடுத்தேன்.

டப்பற் கவர் பெக்கிங்கும் ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம், அதையும் மாற்றிவிட்டேன். முன்னம் யாரோ அதில் சிலிக்கோனைப் பேஸ்ற் மாதிரி அப்பி வைத்திருந்தார்கள், உட்பக்கம் புழு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஒழுக்கு நின்றுவிட்டது, கிட்டத்தட்ட. மட்டையில் இரவுக்கு ஒரே ஒரு சொட்டு, அது வேறு இடம், சம்பின் நடுவில்.


பழைய கேம்பிரிஜ் எழுதியது:

அந்தச் சிலிக்கோன் புழு உடைந்து சம்பில் விழுந்தால் ஒயில் உறிஞ்சுகிற வலையில் போய் அடைக்கும், எஞ்சினுக்கு ஒயில் ஏறாது. தப்பினீர்கள். மூலையில் ஒரு பொட்டு வைக்கிறது வேறு, சுவர் பூசுகிற மாதிரிப் பூசுகிறது வேறு.

மற்றச் சொட்டு ஒயில் இறக்குகிற நட்டின் வாசராக இருக்கும். கடைசியாக ஒயில் மாற்றினவர் பழைய வாசரையே திரும்பப் போட்டிருப்பார். அதற்காக நட்டை இன்னும் இறுக்கப் போக வேண்டாம், மரை போனால் சம்பையே மாற்ற வேண்டி வரும். அடுத்த முறை ஒயில் மாற்றும்போது புது வாசர் ஒன்று போட்டு விடுங்கள். இன்னும் இரண்டு இரவு மட்டையை அதே இடத்தில் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், சொட்டு இடம் மாறுகிறதா என்று.


வயல்கரை எழுதியது:

சரி, நான் தோற்றேன். ஹைஏஸுக்குக் கீழேயும் மட்டை விரிக்கப் போகிறேன்.


சிவப்புமண் எழுதியது:

வாசர் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன் ஐயா. மட்டையை நேற்று இரவு ஆடு தின்றுவிட்டது, இன்றைக்குப் புதிது விரிக்கிறேன்.