மறு: நெகட்டிவ் ஸ்பேஸ் – எதிர்மறை வெளியா, விடுவெளியா?

குழுவினருக்கு வணக்கம். ஓவியத்தில் பொருளைச் சுற்றியும் அதன் இடைவெளிகளிலும் தெரியும் வெளியைத்தான் நெகட்டிவ் ஸ்பேஸ் என்கிறோம். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘எதிர்மறை வெளி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு சொல் எதற்கு?

புழக்கம் என்றால் எங்கே ஐயா? கட்டுரைகளில் இருக்கலாம். நான் ஞாயிறுதோறும் தாராவியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குத் தயாராகிறார்கள். அந்தத் தாள்களுக்கு மராத்தியில் ஸ்திரசித்ர, ஸ்மரணசித்ர, சங்கல்பசித்ர என்று பெயர்: பொருளைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது, வடிவமைப்பு. பிள்ளைகள் அப்படியேதான் சொல்கிறார்கள். அதை மாற்றும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் நெகட்டிவ் ஸ்பேஸுக்குத் தாளும் கிடையாது, பெயரும் கிடையாது. நான் பலகையில் ‘எதிர்மறை வெளி’ என்று எழுதியதும் ஒரு பெண், “தப்பான இடமா சார்?” என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

சொல்லைத் தேடும் முன் அது வகுப்பில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு மர ஸ்டூலை மேசைமேல் கவிழ்த்து வைத்து வரையச் சொன்னேன். எல்லாரும் நான்கு கால்களையும் ஒரே உயரத்தில் வரைந்தார்கள். கண் பார்த்த ஸ்டூல் அல்ல அது, மனம் அறிந்த ஸ்டூல். சரி, ஸ்டூலையே வரையாதீர்கள், கால்களுக்கு நடுவே தெரியும் ஓட்டைகளை மட்டும் வரையுங்கள் என்றேன். ஒரு ஓட்டை கோணல் நாற்கரம், இன்னொன்று ஒல்லி முக்கோணம். அவற்றுக்கு மனத்தில் பெயரோ முன்முடிவோ இல்லாததால் கை கண்ணை நம்பியே ஆக வேண்டும். ஓட்டைகள் சரியாக விழுந்ததும் கால்கள் தாமாகவே சரியான இடத்தில் வந்து நின்றன. ஒரு பையன், “நம்ம கல்லி மாதிரியே இருக்கு சார்” என்றான். வீடுகளை வரையாமல் சந்துகளை வரைந்து பேட்டையைக் காட்டுவது போல. எனக்கே தோன்றாத உவமை.

இப்போது இங்கே வந்த சொற்கள். ‘வெற்றிடம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது, தவிர, வெற்று என்றாலே “அங்கேதான் ஒன்றுமில்லையே, எதை வரைய?” என்று கேட்பார்கள். பிள்ளைகள் தாங்களாகச் சொல்வது ‘காலி ஜகா’. அதை ஒட்டிக் காலியிடம் என்றும் சொல்லிப் பார்த்தேன். தாராவியில் காலியிடமா என்று சிரித்துவிட்டார்கள். ‘பின்னணி’ வேறு கருத்து. பூச்சாடிக்குப் பின்னால் தொங்கும் திரை பின்னணி, ஆனால் சாடிக் காதின் வளைவுக்குள் தெரியும் வடிவம்தான் நாம் பேசுவது. அதே காரணத்தால் பெங்களூர் நண்பர் தந்த ‘சூழ்வெளி’யும் எனக்கு இடறுகிறது. சாடியை வெளி சூழ்கிறது, சரி. காதுக்குள் வெளியைச் சாடி அல்லவா சூழ்கிறது?

என் வாக்கு ‘விடுவெளி’க்கு. வினைத்தொகை: விட்ட வெளி, விடுகிற வெளி, விடும் வெளி. கோலம் போடும்போது “இடம் விட்டுப் போடு” என்று பாட்டி சொல்வதும், “ஒரு வரி விட்டு எழுது” என்று ஆசிரியர் சொல்வதும் இதே விடுதான்.

> விடு என்றால் கவனக்குறைவாக விட்டுப்போனது என்று பொருள்படாதா?

படலாம். ஆனால் விட்டுப்போனது வேறு, விட்டது வேறு. தானாகப் போவதற்கும் நாமாக விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் பேச்சிலேயே அறிவார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை பூசாமல் தாளின் வெண்மையையே விட்டுவைக்கிறோமே, அதற்கும் இச்சொல் பொருந்தும்.

எழுத்து வரைதலிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்தேன். தேர்வில் அதுவும் உண்டு. ‘ட’வின் வலப்பக்கம் மேலே பெரிய பள்ளம். அளவுகோலால் சம இடைவெளி வைத்தால் ‘படம்’ என்ற சொல்லில் ட-வுக்கும் ம்-முக்கும் நடுவே ஓட்டை விழுந்தது போல் தெரியும். “இடைவெளியை அளக்காதே, விடுவெளியைச் சமமாக்கு” என்றேன். இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் குழுவின் தில்லி அக்கா, உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-இல் காட்டிய சாடி–முகங்கள் படத்தை நினைவூட்டினார். ஒருமுறை பார்த்தால் சாடி, மறுமுறை பார்த்தால் எதிரெதிரே இரு முகங்கள். அங்கே எது பொருள், எது வெளி என்பதே மாறிமாறி வருகிறது. அதற்கு ‘உரு–களம்’ (ஃபிகர்–கிரவுண்ட்) என்று தனி இணை இருக்கட்டும்.

பாசிட்டிவ் ஸ்பேஸுக்கு, அதாவது பொருள் அடைத்திருக்கும் இடத்துக்கு, ‘உருவெளி’ வேண்டாம். உருவெளித்தோற்றம் (இல்லாதது கண்ணுக்குத் தெரிவது) என்ற பழைய சொல்லோடு குழம்பும், ஸ்டூல் ஏதோ பிரமையாகிவிடும். வெறும் ‘உரு’ போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பிள்ளைகள் நோட்டில் ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.