‘எ ஸ்கேனர் டார்க்லி’: போதையை உள்ளே இருந்து காட்டுகிறதா, வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறதா?

வாசன், மரைன் டிரைவ்:

ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2006இல் எடுத்த இந்தப் படத்தை வார இறுதியில் வெள்ளவத்தையில் நண்பர் வீட்டில் கூடிப் பார்த்தோம். முடிந்ததும் பெரிய வாக்குவாதம். பாதிப்பேர் ‘கார்ட்டூன் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள்’ என்றார்கள். எனக்கோ, போதைக்கு அடிமையானவனின் தலைக்குள் நம்மை இருத்தி வைத்த படம் இதைப்போல வேறில்லை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், முடிவும் இதில் வரும், கவனம். கதை கலிபோர்னியாவில், இன்னும் ஏழு வருடத்தில் நடக்கிறது. ‘சப்ஸ்டன்ஸ் டி’ என்ற மாத்திரை ஊரையே பிடித்திருக்கிறது. பொப் ஆர்க்டர் (கியானு ரீவ்ஸ்) விற்பவர்களோடு பழகித் துப்புச் சொல்லும் இரகசியப் பொலிஸ்காரன். பழகப் பழக அவனும் அடிமையாகிவிடுகிறான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பிரெட். அங்கே அவன் போடும் உடையில் 15 இலட்சம் மனிதர்களின் முகத்துண்டுகள் மாறி மாறி ஓடும், அதனால் மேலதிகாரிக்கே அவன் யாரென்று தெரியாது. ஒருநாள் பிரெட்டுக்குக் கட்டளை வருகிறது: பொப் ஆர்க்டரைக் கண்காணி. தன் வீட்டில் பூட்டிய கமராவில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மாத்திரை மூளையின் இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட, திரையில் தெரிபவன் தான்தான் என்பதே அவனுக்குப் பிடிபடாமல் போகிறது.

நடித்த காட்சியின் மேல் வரைந்திருப்பதால் சுவர், கதிரை, முகம் எல்லாம் சற்றே நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவல் இல்லாமல் இந்தக் கதை இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை தாரணி:

வாசன் அண்ணா, நான் மறுக்கிறேன். கார்ட்டூன் எனக்குப் பிரச்சினையே இல்லை. படத்தில் யார் இல்லை என்று பாருங்கள். அம்மா இல்லை. தங்கச்சி இல்லை. அடகுக்குப் போன நகை இல்லை. ஆர்க்டரின் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு காட்சியில் வந்து மறைகிறார்கள், அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க சோபாவில் சாய்ந்துகொண்டு ஆண்கள் பேசுகிற பேச்சு, அதுவும் நம்மைச் சிரிக்க வைக்கிற பேச்சு.

அடிமையானவர்களின் குடும்பங்கள் கூடுகிற ஒரு சிறு வட்டத்தில் நான் உதவிக்கு நிற்கிறேன். அங்கே வருகிற ஒரு தாய்க்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்ட எனக்கு மனம் வராது. அதிலும் அந்த முடிவு! ‘நியூ பாத்’ என்ற சிகிச்சை நிறுவனமே தன் பண்ணையில் அந்த மாத்திரைக்கான நீலப்பூவை வளர்க்கிறதாம். மகனை எப்படியாவது சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கப் போராடுகிற குடும்பத்துக்கு இதைவிடக் கெட்ட செய்தி என்ன இருக்கிறது?

பழைய படப்பெட்டி:

வரைவு பற்றி மட்டும் நான் சொல்கிறேன். சிலர் இதைக் கணினி வடிகட்டி போட்ட வேலை என்று நினைக்கிறார்கள், அது பிழை. முதலில் உண்மையான நடிகர்களை வைத்து டெக்சாஸில் படமாக்கினார்கள். பிறகு பொப் சாபிஸ்டன் உருவாக்கிய ‘ரொட்டோஷொப்’ மென்பொருளில் ஓவியர்கள் அதன்மேல் கையால் வரைந்தார்கள். இப்படிப் படத்தின் மேல் வரையும் நகல்வரைவு முறை, கார்ட்டூன் முன்னோடி மெக்ஸ் பிளெய்ஷர் காலத்திலிருந்து இருக்கிறது, அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1917இல். லிங்க்லேட்டரே 2001இல் ‘வேக்கிங் லைஃப்’ படத்தில் சாபிஸ்டனோடு இதைச் செய்தார். அந்தப் படத்தில் ஒவ்வொரு ஓவியரின் கையும் தனித்தனியாகத் தெரியும். இதில் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள், வேலை இழுபட்டது, நடுவழியில் சாபிஸ்டனே விலகவும் நேர்ந்தது.

எனக்கு அந்தச் சீர்தான் உறுத்துகிறது. ரொபர்ட் டவ்னி ஜூனியரை ரொபர்ட் டவ்னி ஜூனியராகவே அவ்வளவு துல்லியமாக வரைந்தால் எதற்கு வரைய வேண்டும்? முகம் மாறும் அந்த உடை மட்டும் வரைந்தால்தான் வரும். அது ஓடும்போது நான் இமைக்கவில்லை. மற்ற இடங்களில் கமராவே போதும் என்று தோன்றியது.

கொட்டாஞ்சேனை ரமணன்:

படப்பெட்டி அண்ணை, தொடக்கக் காட்சியைக் கமராவில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். பிரெக் என்பவனின் தலையெல்லாம், உடம்பெல்லாம் பூச்சி. தேய்த்துக் குளிக்கிறான், திரும்ப வருகிறது, நாயையும் தூக்கிக் குளிப்பாட்டுகிறான். கமராவில் எடுத்தால் அவன் சும்மா சொறிவது தெரியும், அல்லது ஒட்டுவேலையாகப் பூச்சி தெரியும். இதில் அவனும் பூச்சியும் ஒரே கோட்டில் வரைந்திருப்பதால் எது உண்மை என்று நமக்கும் தெரியாது. ஐஸ் (மெத்தம்பெட்டமின்) எடுப்பவர்களுக்கு இது அப்படியே நடக்கிறது. தோலுக்குக் கீழே ஏதோ ஊர்கிறது என்று புண்ணாகும்வரை சொறிவார்கள். எங்கள் ஒழுங்கையில் முதலில் தூள் (ஹெரோயின்) வந்தது, அப்புறம் ஐஸ் வந்தது. இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன், அந்தக் காட்சியில் மிகை இல்லை.

தாரணி தங்கச்சி சொன்ன சோபாப் பேச்சுக்கு வருகிறேன். சைக்கிள் கியர் காட்சி ஞாபகம் இருக்கிறதா? 18 கியர் என்று வாங்கிய சைக்கிளில் எண்ணிப்பார்த்தால் அத்தனை பல்சக்கரம் இல்லை. முன்னாலும் பின்னாலும் உள்ளதைப் பெருக்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மிச்சத்தை யாரோ திருடிவிட்டான் என்று முடிவு கட்டுகிறார்கள். நாமும் சிரிக்கிறோம், சரி. பிறகு அவர்களில் ஒருவனான லக்மன் சாப்பாடு தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறுகிறான், பரிஸ் (டவ்னி) எழும்பாமல் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அதே வீடு, அதே ஆட்கள். முதல் சிரிப்பு இல்லாமல் இரண்டாவது காட்சி அப்படிக் குத்தாது.

தெஹிவளை தாரணி:

உங்களுக்குக் குத்துகிறது ரமணன் அண்ணா, ஏனென்றால் நீங்கள் பார்த்து வளர்ந்தவர். பம்பலப்பிட்டியில் ஏசி அறையில் இருந்து பார்க்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பரிஸ் கெட்டிக்காரப் பேச்சுக்காரனாகத்தான் தெரிவான். டவ்னி அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார், அதுதான் ஆபத்து.

நிலா, கொழும்பு 6:

நான் இந்தப் படத்துக்கு மூலமான பிலிப் கே. டிக்கின் நாவலையும் படித்தவள். 1977இல் வந்தது. சிகிச்சை நிலையத்தை வில்லனாக்கியது பற்றித் தாரணி சொன்னதற்கு அங்கிருந்துதான் பதில் வர வேண்டும்.

டிக் வெளியே நின்று எழுதியவர் இல்லை. 1970இல் மனைவி பிரிந்துபோன பிறகு அவர் வீடு போதைக்கு அடிமையான இளையவர்களின் தங்குமடமாக இருந்தது, அவரும் அம்பெட்டமின் என்ற ஊக்க மாத்திரைகளில் ஓடிக்கொண்டிருந்தார். 1972இல் வன்கூவர் போன இடத்தில் தற்கொலைக்கு முயன்று, அங்கே ‘எக்ஸ்-கலே’ என்ற புனர்வாழ்வு இல்லத்தில் சிறிது காலம் இருந்தார். உள்ளே இருந்து பார்த்ததை வைத்துத்தான் நியூ பாத் பிறந்தது. அந்தக் காலத்துக் கலிபோர்னியாவில் ‘சினனொன்’ என்ற அமைப்பு போதை மீட்பு என்று தொடங்கி, கடைசியில் ஒரு தனிமதம்போல ஆகிவிட்டது. 1978இல் அவர்களுக்கு எதிராக வாதாடிய சட்டத்தரணியின் தபால்பெட்டிக்குள் விரியன் பாம்பை வைத்தார்கள். நாவல் வந்து அடுத்த வருடம் நடந்தது இது. ஆகவே அவருடைய சந்தேகத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

படம் முடிந்ததும் வரும் பெயர்ப்பட்டியலை யாராவது எழும்பாமல் வாசித்தீர்களா? போதையால் செத்துப்போன, மூளை கலங்கிப்போன தன் நண்பர்களின் பெயர்களை டிக் நாவலின் கடைசியில் எழுதியிருந்தார். படத்திலும் அதைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். கணையம் கெட்டுப்போன தன் பெயரும் அதில் உண்டு. தாரணி தேடிய துக்கம் எனக்கு அங்கே கிடைத்தது. அவர்களைக் குற்றவாளி என்றும் சொல்லாமல், அப்பாவி என்றும் சொல்லாமல், செய்த தவறுக்கு மிஞ்சிய தண்டனை பெற்றவர்களாகப் பார்க்கிறார்.

தெஹிவளை தாரணி:

அந்தப் பட்டியல் எனக்கும் கனத்தது நிலா அக்கா. ஆனால் பெயர்கள் நண்பர்களுடையவை. அந்த நண்பர்களின் தாய்மார் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டே நான் எழும்பினேன்.

சினனொன் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதையும் நான் ஏற்கவில்லை. இங்கே தலங்கமவில் அரசாங்கத்தின் சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கே பேசிப் பேசி ஆளை மீட்கிறவர்கள் இருக்கிறார்கள். மீண்டு வந்தவன் திரும்ப விழுவான், திரும்பவும் அழைத்துப்போக வேண்டும், அதுதான் இந்த நோயின் இயல்பு. ‘எல்லாம் பணம் பறிக்கும் கூட்டம்’ என்று ஒரு படம் சொன்னால், இரண்டாவது தடவை அழைத்துப்போக யாருக்கு மனம் வரும்?

கொட்டாஞ்சேனை ரமணன்:

தலங்கமவை நானும் குறை சொல்லவில்லை. தானாகப் போகிற ஆளுக்கு அது நல்ல இடம். ஆனால் கந்தக்காட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் பணியகத்தின் கீழ் இருந்த போதைப் புனர்வாழ்வு முகாம். போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளைப் பொறுப்பெடுத்த அதே பணியகம். நம் ஆட்களுக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, கலவரமாகி, நூற்றுக்கணக்கானவர்கள் வேலி தாண்டி ஓடினார்கள். சிகிச்சை பிடித்திருந்தால் ஏன் ஓடுகிறார்கள்?

2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியபோது நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். சந்து சந்தாக ரெய்டு, பின்னாலேயே ரீவி கமரா. அடுத்த மாதமே ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். பிடிபட்டவனின் முகம், அவன் வீட்டு அடுப்படி, அழுகிற பிள்ளை, எல்லாம் இரவுச் செய்தியில். படத்தில் பொலிஸ்காரனுக்கு முகத்தை மறைக்க 15 இலட்சம் முகம் கொடுக்கிறார்கள், அடிமையானவன் வீட்டுக்குள் மூலைக்கு மூலை கமரா பூட்டுகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு இங்கத்தைய ரீவிதான் கண்முன் வந்தது. யுக்திய நாட்களுக்குப் பிறகு ஒருமுறை அதே காட்சியைப் பார்த்துவிட்டு, இது அமெரிக்கக் கதை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பழைய படப்பெட்டி:

ரமணன் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்க்கிறேன். கண்காணிக்கும் அறையில் பிரெட் பார்க்கும் திரைகளும் வரைந்தவைதான். வரைந்தவன் வரைந்தவனைப் பார்க்கிறான். அந்த அறைக் காட்சிகளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். நட்சத்திர முகங்கள் பற்றிய என் குறை அப்படியே நிற்கிறது.

வாசன், மரைன் டிரைவ்:

டொன்னாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஆர்க்டர் விரும்புகிற பெண் (வினோனா ரைடர்), கடைசியில் பார்த்தால் அதே மாதிரி முகம் மாறும் உடைக்குள் இருந்த பிரெட்டின் மேலதிகாரியே அவள்தான். அவன் அழிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். மூளை கெட்ட ஒரு நோயாளியை அனுப்பினால்தான் நியூ பாத் தன் பண்ணைக்குள் விடும் என்பதால் அவனை அப்படியே உருக்கி எடுத்தார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே விடுபவளும் அவள்தான். பண்ணையில் அவன் ‘புரூஸ்’. சோளப் பயிருக்கிடையில் நீலப்பூவைக் கண்டு, ஒன்றைப் பறித்துச் சப்பாத்துக்குள் வைத்துக்கொள்கிறான், நண்பர்களுக்குக் கொடுக்க.

ஆகவே தாரணி, சிகிச்சை நிலையத்தைவிட அரசாங்கம்தான் இந்தப் படத்தில் பெரிய குற்றவாளி என்பது என் வாசிப்பு.

தெஹிவளை தாரணி:

அந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது அண்ணா. எல்லோரும் அந்தப் பூவைப் பார்த்து ‘ஆஹா, சாட்சி கிடைத்துவிட்டது’ என்று மூச்சு விடுகிறீர்கள். அவனுக்குத் தன் பெயர் தெரியாது! அவனைத் திரும்ப மனிதனாக்க ஒருவரும் வரவில்லை. வழக்கு வெல்லுமா என்பதுதான் படத்துக்கு முக்கியம், அவன் தேறுவானா என்பது இல்லை.

நிலா, கொழும்பு 6:

அப்படி இல்லை தாரணி. உணவகக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். தனக்கே தெரியாமல் ஒருவன் பலியாக்கப்பட்டிருக்கிறான் என்று டொன்னா மனம் நொந்து பேசுகிறாள், கூட இருக்கும் அதிகாரி அவளைச் சமாதானப்படுத்துகிறான். உங்கள் கோபத்தைப் படம் அவள் வாயில் வைத்திருக்கிறது.

தெஹிவளை தாரணி:

பார்த்தேன் அக்கா. நொந்து பேசினாள், ஆனால் அவனைத் திரும்ப அழைத்துவரச் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் வட்டத்துக்கு இதைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறேன். பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், சிங்கள உபதலைப்பு தேடித்தர நானே வருகிறேன்.