மிருகம் கூட வச்சு விளையாடுனவங்க வாங்க, உங்க கதைய சொல்லுங்க

டி அண்ட் டில (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், டைஸ் உருட்டி கதையா ஆடற கேம்) கூடவே ஒரு மிருகம் வேணும்னா எந்த க்ளாஸ் (ஹீரோவோட தொழில்) எடுக்கறதுன்னு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு நடந்தத சொல்றேன், உங்களுக்கு நடந்தத நீங்க எழுதுங்க.

முத கேம்பெயின் (பல நாள் தொடர்ற ஒரு கதை), ரூல் புத்தகம் 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக். ரேஞ்சர்ங்கற காட்டு வேட்டக்கார க்ளாஸ எடுத்து மூணாவது லெவல்ல, அதுல மிருகம் வச்சுக்கற பிரிவான பீஸ்ட் மாஸ்டர் ஆனேன், ஓநாய் கெடச்சுது, கருவாயன்னு பேரு வச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அத கடிக்க சொன்னா என் ஆக்‌ஷன் போயிடும், ஒண்ணு நான் அம்பு விடணும் இல்ல அது கடிக்கணும். அஞ்சாவது லெவல் வந்தாதான் அது கடிக்கும்போது நானும் ஒரு தடவ அடிக்கலாம். அதுவரைக்கும் ரெண்டு பேரு வேலைக்கு போயி ஒரு சம்பளம் வாங்கற கததான்.

அதோட ஹெச்.பி. (உயிர் பாயிண்ட்) என் லெவலுக்கு நாலு, மூணாவது லெவல்ல 12. ஒரு குகை வாசல்ல நான் பின்னாடி பத்திரமா நின்னுகிட்டு அத முன்னாடி அனுப்புனேன், உள்ளேர்ந்து பக்பேர்ங்கற முரட்டு பூதம் ஒண்ணு மார்னிங்ஸ்டாரோட (முள்ளு வச்ச தடி) வந்துது, ஆட்டத்த நடத்தற டி.எம். ரெண்டு டி8 (எட்டு பக்க டைஸ்) உருட்டுனாரு, 7, 6, கூட ஒரு 2, மொத்தம் 15. அவ்ளோதான் கருவாயன். டெத் சேவ் (சாகாம தப்பிக்க உருட்டற டைஸ்) கெடையாதுன்னுட்டாரு. எட்டு மணி நேரம் வேற மிருகத்தோட பழகுனா புதுசு வந்துரும்னு ரூல் இருக்கு, ஆனா அன்னிக்கு எனக்கு மனசே வரல.

அடுத்து சிறுத்தை வந்துது. 2020 கடைசில டாஷாஸ் கால்ட்ரன்ங்கற கூடுதல் ரூல் புத்தகம் வந்ததும் அதையே அதுல இருக்கற பீஸ்ட் ஆஃப் த லேண்டா (தரைல ஓடற துணை மிருகம்) மாத்திக்கிட்டேன், ஆளே மாறிடுச்சு. போனஸ் ஆக்‌ஷன்ல (டர்னுக்கு ஒரு தடவ கூடுதலா கெடைக்கற சின்ன வாய்ப்பு) அடிக்குது, அஞ்சாவது லெவல்ல ஹெச்.பி. 30, செத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடற வாய்ப்பு) குடுத்தா ஒரு நிமிஷத்துல எழுந்துடுது. ரேஞ்சரோட மந்திரமான ஹண்டர்ஸ் மார்க்கும் போனஸ் ஆக்‌ஷன்ங்கறதால ரெண்டும் அடிச்சுக்கும், அது ஒண்ணுதான் கொற.

ஒரு பாலத்துல ஓகர்ங்கற ராட்சசன். சிறுத்தை 20 அடி நேரா ஓடி பாஞ்சுது, ஓகர் விழாம இருக்க உருட்டுன சேவ கோட்ட விட்டு பொத்துன்னு விழுந்துது, நான் கைதட்டிட்டு வில்ல எடுத்தா, விழுந்து கெடக்கறவன தூரத்துலேர்ந்து சுட்டா டிஸ்அட்வான்டேஜாம், ரெண்டு டைஸ் உருட்டி கொறஞ்சததான் எடுக்கணும். ரெண்டு அம்பும் ஆத்துல. பக்கத்துல நின்ன ஃபைட்டருக்கு (சண்ட வீரன்) அட்வான்டேஜ், ரெண்டுல பெருச எடுக்கலாம், அவன் வெட்டி தள்ளிட்டு எனக்கு தேங்க்ஸ் வேற சொல்றான். வில் வச்சிருந்தா மொதல்ல அம்ப விடுங்க, அப்புறம் பாய சொல்லுங்க.

*

ப்ரோ நான் விசார்ட், மந்திரவாதி. துணைக்கு ஒரு ஆவிய மிருக உருவத்துல கூப்புடற ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரம் போட்டு ஆந்தை வச்சிருக்கேன். அது அடிக்காது, அடிக்கவும் கூடாது. ஆனா பறந்து வந்து ரோகுக்கு (ஒளிஞ்சு அடிக்கற க்ளாஸ்) ஹெல்ப் குடுத்துட்டு, ஃபிளைபைங்கற தெறம இருக்கறதால எதிரிகிட்ட ஒரு அடி வாங்காம பறந்துடும், ரோகுக்கு ஒவ்வொரு ரவுண்டும் ஸ்னீக் அட்டாக், கூடுதல் டேமேஜ். நாலு செஷன் பொறுத்த டி.எம். அஞ்சாவது செஷன்ல காப்ளின் (குட்டி பூதம்) எல்லாம் ஆந்தையதான் குறி வச்சுச்சு, அதுக்கு இருக்கறதே ஒரு ஹெச்.பி. உடம்பு கூட மிஞ்சாம மறஞ்சிடுச்சு. யாரும் அழல, பத்து கோல்டுக்கு கரி சாம்பிராணி வாங்கி ஒரு மணி நேரம் ஒக்காந்தேன், திரும்பி வந்துடுச்சு. பாசம் வைக்கணும்னா ரேஞ்சர் எடுங்க, வேல நடக்கணும்னா ஆந்தை.

*

இயற்கை மந்திரம் போடற ட்ரூயிட் பத்தி யாரும் சொல்லல. மிருகங்கள வரவழைக்கற கான்ஜ்யூர் அனிமல்ஸ், பழைய 2014 ரூல்ல, ஒரே ஸ்பெல்லுல எட்டு ஓநாய். படிக்க நல்லாத்தான் இருக்கும். நான் எட்டையும் மேப்புல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் டோக்கன் தேடி, பேக் டாக்டிக்ஸ் (கூட்டமா அடிச்சா அட்வான்டேஜ்) இருக்கறதால தலைக்கு ரெண்டு டி20 (இருபது பக்க டைஸ்) உருட்டி, கடி பட்டவன் விழுந்தானான்னு சேவ் கேட்டு, முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் எந்திரிச்சு போயி டீ போட்டு எல்லாருக்கும் குடுத்தே முடிச்சிட்டான். அடுத்த டர்ன் ஒரு காப்ளின் என் மேல அம்பு விட்டுது, டேமேஜ் வெறும் 5. அடி வாங்குனா மந்திரம் கலையாம இருக்க உருட்டற கான்சென்ட்ரேஷனுக்கு 10 வேணும், எனக்கு வந்தது 4. எட்டும் காணோம். டேபிள்ல ஒருத்தரும் எனக்காக வருத்தப்படல, அதான் கொடும. 2024 புத்தகத்துல தனித்தனியா வராம ஆவி மாதிரி ஒரே கூட்டமா மாத்திட்டாங்க, எங்க டேபிள்தான் காரணமோன்னு எனக்கு ஒரு டவுட்டு.

*

டி அண்ட் டி மாதிரியே இன்னொரு கேம் இருக்கு, பாத்ஃபைண்டர் ரெண்டாவது எடிஷன், அதுக்கு வாங்கப்பா. டர்னுக்கு மூணு ஆக்‌ஷன், அதுல ஒண்ண குடுத்தா மிருகம் ரெண்டு ஆக்‌ஷன் பண்ணும், கணக்கு முடிஞ்சுது, இந்த போனஸ் ஆக்‌ஷன் தகராறே இல்ல. அங்கயும் ரேஞ்சர் பாவம்தான், மிருகம் வளந்து பெருசாகற ஃபீட் (லெவல் ஏறும்போது எடுக்கற தெறம) ட்ரூயிடுக்கு நாலாவது லெவல்ல கெடைக்குது, ரேஞ்சருக்கு ஆறு. எங்க டேபிள்ல ட்ரூயிட் ஒருத்தன், ரேஞ்சர் நான், ரெண்டு பேருமே கரடி வச்சிருந்தோம், ரெண்டு லெவல் முழுக்க அவன் கரடி சொல்லாமலே ஒரு அடி அடிக்கும், என் கரடி வாய பாத்துட்டு நிக்கும்.

*

மொத கதைல கருவாயன சாகடிச்ச அந்த டி.எம். நாந்தாங்க. பக்பேர் முன்னாடி ஓநாய நிறுத்துனது யாரு? டைஸ எல்லாரும் பாக்க நடு டேபிள்லதான் போட்டேன். டெத் சேவ் குடுத்திருக்கலாம், அத ஒத்துக்கறேன், முக்கியமான என்.பி.சி.ன்னா (டி.எம். நடத்தற பாத்திரம்) டி.எம். குடுக்கலாம்னு புத்தகத்துலயே இருக்கு, நான் அப்ப அந்த பக்கத்த படிக்கல. மறுநாள் காலைல போன் பண்ணி புலி வேணும்னு கேட்டாரு. சைஸ் மீடியம் தாண்டக்கூடாது, சேலஞ்ச் ரேட்டிங் (எவ்ளோ ஆபத்தான மிருகம்ங்கற அளவு) கால் வரைக்கும்தான், புலி லார்ஜ், ரேட்டிங் 1, ரெண்டுலயும் அவுட்டு, சிறுத்தை எடுத்துக்கோங்கன்னேன். அரை மணி நேரம் சண்டை. அப்புறம் எடுத்துக்கிட்டாரு. அவரு சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, அந்த சிறுத்தைக்கும் பேரு கருவாயன்தான்.