இளகிய உருண்டை

சன்னலோரம்:

தோட்டத்துப் பறவைகளுக்குக் கொழுப்பு வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பனிக்காலம். இறைச்சி வாட்டிய தட்டின் அடியில் உறைந்திருந்த கொழுப்பை வழித்து, ஓட்ஸைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கிளையில் தொங்கவிட்டேன். குப்பைக்குப் போவது ஒரு சின்ன வயிற்றுக்குப் போகட்டுமே என்ற எண்ணம்தான். முதல் இரண்டு நாள் நீலச் சிட்டுகள் (புளூ டிட் என்கிற சின்னத் தோட்டப் பறவைகள்) தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஆசையாகக் கொத்தின. மூன்றாம் நாள் நல்ல வெயில் அடித்தது. உருண்டை இளகி எண்ணெய் மினுங்கியது. அதைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை. சோம்பல்.

மாலையில் ஒரு சிட்டு வேலியில் வந்து உட்கார்ந்தது. மார்பின் மஞ்சள் இறகெல்லாம் எண்ணெய் தேய்த்த தலைமுடிபோலக் கற்றை கற்றையாகத் திரண்டு, இடையிடையே தோல் தெரிந்தது. ஓர் இறகை அலகால் பிடித்து நுனிவரை இழுக்கிறது. அலகில் ஒட்டிய பிசுக்கு அடுத்த இறகுக்குப் போகிறது. கோதக் கோத அழுக்கு பரவியதே தவிரக் குறையவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அன்று இரவு உறைபனி. மறுநாள் மற்றச் சிட்டுகள் வந்தன, அது வரவில்லை.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். இறகுகளுக்கு நடுவே அடைபடும் காற்றுதான் பறவைக்குப் போர்வை. பிசுக்கு ஏறிய இறகில் காற்றும் தங்காது, மழைநீரும் வழிந்தோடாது. தட்டில் மிஞ்சும் கொழுப்போ இறைச்சிச் சாறு கலந்தது. கெட்டியாக உறையாது, கிருமிகள் செழிக்கும். நாம் தூவிய உப்பும் அதில் இருக்கும். சிறு பறவையின் உடம்புக்கு அந்த உப்பு மிக அதிகம். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் சூயட் என்ற கெட்டிக் கொழுப்பு, சுத்தமாக உருக்கி வடித்த பன்றிக்கொழுப்பு ஆகியவை கெட்டியாக உறைவதால் அவற்றை வைக்கலாமாம். ரொட்டியில் தடவும் மென்மையான மார்ஜரின் கூடாது.

கத்தரிக்கோல்:

அக்கா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் கடையில் வாங்கிய உருண்டையையே வைத்தேன், வம்பு வேறு வழியாக வந்தது. பச்சை நைலான் வலைப்பையில் கட்டி விற்கிறார்களே, அதை அப்படியே தொங்கவிட்டிருந்தேன். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் சிட்டு ஒற்றைக் காலில் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தது. வலைநூல் பின்விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. துணியால் மூடிப் பிடித்து, நகம் வெட்டும் சிறு கத்தரியால் ஒவ்வொரு நூலாக அறுத்தேன். உள்ளங்கையில் பதினோரு கிராம் இருந்திருக்குமா? துடிப்பு மட்டும்தான் தெரிந்தது. கடைசி நூல் அறுந்ததும் என் பெருவிரலை வலிக்கக் கொத்திவிட்டுப் பறந்தது. நியாயம்தான்!

இப்போதெல்லாம் வலையைக் கிழித்துப்போட்டு, உருண்டையைக் கம்பிக்கூட்டில்தான் வைக்கிறேன்.

நோட்டுக்காரர்:

இருவரும் சொல்வதைப் படித்தால் கொழுப்பே நஞ்சு என்று ஆகிவிடும் போலிருக்கிறது. அப்படி இல்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான். நீண்ட பனி இரவில் சிட்டு போன்ற சின்னப் பறவை, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். விடியும்போது எடையில் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்கலாம். அந்த விடியலில் கிடைக்கும் ஒரு வாய் சூயட் பெரிய விஷயம்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் கேட் பிளம்மர் குழுவினர் இங்கிலாந்தின் கார்ன்வாலில் 9 காடுகளில் மூன்று ஆண்டுகள் நீலச் சிட்டுகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் சில இடங்களில் வெறும் கொழுப்பு, சில இடங்களில் வைட்டமின் ஈ சேர்த்த கொழுப்பு, சில இடங்களில் ஒன்றுமே வைக்கவில்லை. தீனி வைத்த இடங்களில் அடுத்த வசந்தத்தில் பொரித்த குஞ்சுகள் எடை குறைந்து, உருவம் சிறுத்து இருந்தன, பிழைத்தவையும் குறைவு. தீனியின் சத்து சமனாக இல்லாதது காரணமாக இருக்கலாம். அல்லது, தீனி இல்லாமல் குளிரில் மடிந்திருக்கக்கூடிய நலிந்த பறவைகளும் பிழைத்துக் கூடு கட்டியது காரணமாக இருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் அதைக் கெடுதல் என்று சொல்வதா, நல்லது என்று சொல்வதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரே இனத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

நான் கொழுப்பை மட்டும் நம்பாமல் சூரியகாந்தி விதையும் வைக்கிறேன். வசந்தம் வந்ததும் உருண்டையை நிறுத்திவிடுகிறேன். குஞ்சுக்கு வேண்டியது புழுதான்.

கத்தரிக்கோல்:

ஐயா, ஒன்று விட்டுப்போயிற்று. தீனியிடத்தில் கூட்டம் கூடினால் நோயும் கூடும். போன வருடம் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைநிறக் குருவி ஒன்று உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அலகைச் சுற்றி ஈரம், விழுங்க முடியாமல் சிந்திய பருப்புத் துணுக்குகள். தொண்டையைத் தாக்கும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியின் அறிகுறிகள் இவை. பிரிட்டனில் 2005 முதல் அந்த இனத்தைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது இதுதான். எல்லாத் தீனியையும் எடுத்துவிட்டு, கம்பிக்கூட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். சில வாரம் தோட்டம் வெறிச்சென்று கிடந்தது.

சன்னலோரம்:

இருவருக்கும் நன்றி. நானும் இப்போது சூயட்தான் வைக்கிறேன், இரண்டு நாளில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும். காறல் வாடை அடித்தால் நேரே குப்பைக்கு.

வெயில் ஏறத் தொடங்கியதால் நேற்றுக் கொக்கியைக் கழற்றிவிட்டேன். இன்று காலை ஒரு சிட்டு வந்து, கொக்கி இருந்த இடத்தை மூன்று தடவை சுற்றிப் பார்த்தது. பிறகு தலைகீழாகத் தொங்கி, மரப்பட்டையின் விரிசலில் அலகை விட்டு எதையோ இழுத்தது. நெளிந்தது.