பக்கத்தில் வெடி வைக்கும் பழைய சுரங்கத்துக்குள் மாணவர்களை இறக்கலாமா?

தண்டையார்பேட்டை_வாத்தியார்

பாலிடெக்னிக் சிவில் மாணவர்கள் 38 பேரை வடமாநிலத்தில் ஒரு பழைய செம்புச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போக ஏற்பாடு. தாது எடுப்பதை நிறுத்திவிட்டு, பார்வையாளர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள். கேஜில் (சுரங்கக் கூண்டு லிஃப்டில்) 90 மீட்டர் இறங்கி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இப்போது பக்கத்துக் குத்தகைக்காரர் திறந்தவெளிக் குழியை இந்தப் பக்கமாக விரிக்கிறார். வாரம் மூன்று முறை வெடி. நடைபாதையின் கடைசி முனைக்கும் குழி விளிம்புக்கும் 400 மீட்டர். அடுத்த வருஷம் 200 ஆகுமாம். கேட்டால் "அனுமதி இருக்கு சார், பயமில்லை" என்கிறார்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ரோ குடைந்தபோது வீட்டுச் சுவரை நினைத்துக் கவலைப்பட்ட பெற்றோர்தான் நம் பிள்ளைகளின் பெற்றோர். எதைக் கேட்டு வாங்கினால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்?

பெரம்பூர்_சர்வேயர்

வாத்தியார் சார், மெட்ரோவையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். நம் ஊர் மணலிலும் களிமண்ணிலும் இயந்திரம் குடையும்போது பயம், மேலே மண் இறங்குவதுதான். பாறையில் வெடி வைத்தால் ஒரு நொடிக்குள் அதிர்வு வந்து போய்விடும். ஏற்கெனவே கீறல் விட்ட கூரைக்கல்லை அது இன்னும் கொஞ்சம் கழற்றிவிட்டுப் போகும். அன்றைக்கு ஒன்றும் விழாது. பத்து நாள் கழித்து, வெடியே இல்லாத நாளில் விழும்.

முதலில் கேட்க வேண்டியது, ஒரு டிலேக்கு, அதாவது நேர இடைவெளி விட்டுப் பிரித்து வெடிப்பதில் ஒரு தடவைக்கு, எத்தனை கிலோ வெடிமருந்து என்பது. மொத்தம் நான்கு டன் என்று கேட்டுப் பயப்படவும் வேண்டாம், குறைவு என்று நிம்மதியாகவும் வேண்டாம். 8 மில்லி செகண்டுக்குள் சேர்ந்து வெடிப்பதெல்லாம் ஒரே வெடி என்றுதான் கணக்கு. தூரத்தை (மீட்டரில்) அந்தக் கிலோவின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 100 கிலோ, 400 மீட்டர் என்றால் 40. பாறை நிலவரம் தெரியாதபோது போடும் பொதுச் சூத்திரப்படி அதிர்வு வினாடிக்கு 3 மி.மீ. அளவில் வரும். அதே 100 கிலோ 200 மீட்டரில் வெடித்தால் 9 மி.மீ.க்கு மேல். தூரம் பாதியானால் அதிர்வு மூன்று மடங்கு. ஆகவே இந்த வருஷ அறிக்கையைக் காட்டி அடுத்த வருஷத்துக்கு ஒப்புதல் கேட்டால் ஏற்காதீர்கள்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் (டிஜிஎம்எஸ்) 1997 சுற்றறிக்கையில் பழமையான, எளிதில் பழுதாகும் கட்டுமானங்களுக்கு வரம்பு: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் வினாடிக்கு 2 மி.மீ., 8 முதல் 25 வரை 5, அதற்கு மேல் 10. அது தரைக்கு மேலே நிற்பவற்றுக்கான அட்டவணை. உள்ளே கூரையிலும் தூணிலும் ஜியோபோனை (அதிர்வு அளக்கும் கருவியை) இறுக்கிப் பொருத்தி எடுத்த பதிவு தனியாக வேண்டும்.

எண்ணூர்_வென்டிலேஷன்

அதிர்வைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. நான் அதிகம் பயப்படுவது காற்றுக்கும் தண்ணீருக்கும்.

விரியும் குழி, பழைய சுரங்கத்தின் ஏதோ ஒரு கிளைப் பாதையை உடைத்துவிட்டால் காற்று அந்தக் குறுக்குவழியில் போய்விடும். பார்வையாளர் நிற்கும் முனையில் காற்று செத்துப்போகும். ஃபேன் ஓடுகிறதே என்று நினைத்துக்கொண்டு வாசலில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நடைபாதையின் கடைசி முனையில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெடிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, பாறைக் கீறல் வழியாக நுழைந்துவிடும். அதற்கான மீட்டர் வழிகாட்டியின் இடுப்பில் தொங்க வேண்டும், 50 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கத்த வேண்டும். ஆபீஸ் அலமாரியில் இருந்து பயனில்லை.

செல்ஃப் ரெஸ்க்யூயர் (ஆபத்தில் மாட்டிக்கொண்டு வெளியேறும் சுவாசக் கருவி) கொடுத்தால் எந்த வகை என்று திருப்பிப் பாருங்கள். ஃபில்டர் வகை கார்பன் மோனாக்சைடை மட்டும்தான் தடுக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதை மாட்டிக்கொண்டு நடந்தால் ஆள் விழுந்துவிடுவார். தானே ஆக்சிஜன் தரும் வகைதான் தேவை.

தண்ணீர் விஷயத்தில் பழைய வரைபடத்தை நம்பவே கூடாது. 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் குவீக்ரீக்கில் ஒன்பது தொழிலாளர்கள் மூன்று நாளுக்கு மேல் உள்ளே மாட்டினார்கள். பக்கத்துப் பழைய சுரங்கம் எதுவரை போயிருக்கிறது என்று அவர்களிடம் இருந்த படம் காட்டவில்லை. அது தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. ஒன்பது பேரும் உயிரோடு வந்தது பெரிய காரியம். கடைசியாக வெட்டிய இடங்களைச் சர்வே செய்யாமலே மூடிய சுரங்கங்கள் உண்டு. குழிக்காரர் முன்கூட்டித் துளை போட்டுப் பார்த்துக்கொண்டுதான் முன்னேறுகிறாரா, கேளுங்கள்.

பெரம்பூர்_சர்வேயர்

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. கூரைத் தட்டு: கடப்பாரையால் தட்டினால் நல்ல பாறை மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும், கழன்ற கல் பொத்தென்று கேட்கும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நடைபாதை முழுக்கத் தட்டிப் பார்த்து, கழன்றதை இறக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் தேதிகளை வெடி வைத்த தேதிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கூரைக்கல்லைப் பிடித்து நிறுத்தும் ராக் போல்ட், துளைக்குள் விரிந்து பிடிக்கும் 'விரிவு ஓடு' வகையாக இருந்தால் அதிர்வில் தளரும், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார்த்த அளவையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கேஜ். 2024 அக்டோபரில் கொலராடோவில் ஒரு சுற்றுலாத் தங்கச் சுரங்கத்தில் லிஃப்ட் விபத்தில் ஒருவர் இறந்தார். 12 பேர் சுமார் ஆயிரம் அடி ஆழத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். அங்கே வெடி காரணமில்லை. ஆனாலும் கேஜ் நின்றால் 38 பேரும் எந்த ஏணி வழியாக, எவ்வளவு நேரத்தில் மேலே வருவார்கள் என்பதற்கு விடை வேண்டும்.

தண்டையார்பேட்டை_வாத்தியார்

நன்றி சார். இன்று போனில் கேட்டேன். அதிர்வுக் கருவி ஆபீஸ் மாடியில் இருக்கிறதாம். வெடி மாலை 3 மணிக்கு, நம் இறக்கம் 2 மணிக்கு.

எண்ணூர்_வென்டிலேஷன்

அப்படியானால் இறக்காதீர்கள். வெடி இல்லாத நாளாகக் கேளுங்கள், முந்தின நாள் கூரையைத் தட்டிப் பார்த்ததற்கான கையெழுத்தோடு. குழி மேனேஜரும் சுற்றுலாச் சுரங்க மேனேஜரும் வேறு வேறு ஆள் என்பதால், உள்ளே ஆள் இருக்கும்போது வெடியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து எழுதித் தர வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் மாட்டும் பலகையில் வழிகாட்டி 38 எண்ணி மாட்டிய பிறகுதான் முதல் கேஜ் இறங்கணும்.