கண்ணாடிப் பெட்டிக்குள் கொத்தமல்லி நாற்று சாய்கிறது, என்ன செய்வது?

லெனேசியாவாசி:
வணக்கம். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். பழைய ஜன்னலை மூடியாக்கி ஒரு கோல்ட் ஃபிரேம் (குளிரிலிருந்து செடியைக் காக்கும், சரிவான கண்ணாடி மூடி போட்ட பெட்டி) செய்தேன். 60 செ.மீ. அகலம், பின்பலகை 45 செ.மீ., முன்பலகை 20. இங்கே குளிர்காலமான ஜூலையில் கொத்தமல்லியும் வெந்தயமும் விதைத்தேன். முளைத்தவை நூல் மாதிரி நீண்டு வெளிறி, மண்ணை ஒட்டிய இடத்தில் பழுப்பாகச் சுருங்கிச் சாய்கின்றன. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. உறைபனிக்குப் பயந்து பகலிலும் மூடியே வைக்கிறேன், தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். அம்மா இருந்தவரை ஆகஸ்டிலும் ரசத்துக்கு வீட்டுக் கொத்தமல்லிதான். எப்படியாவது கொண்டுவர வேண்டும்.

செம்மண்:
பெட்டி எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது?

லெனேசியாவாசி:
தெற்கு. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

செம்மண்:
அது இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுதியது தம்பி. நமக்குச் சூரியன் வடக்குப் பக்கம். ஜோஹானஸ்பர்க்கில் ஜூன் நண்பகலில்கூட அது 40 டிகிரி உயரம்தான் ஏறும், இப்போது ஆகஸ்டில் 50 இருக்கும். உங்கள் உயரமான பின்பலகை வடக்கே நிற்கிறது. ஜூனில் அதன் நிழல் 54 செ.மீ. விழும், இப்போதும் 38. பாதிக்கு மேல் மண் வெயிலையே பார்ப்பதில்லை. வெளிச்சம் தேடித்தான் நாற்று நீள்கிறது. சாய்வது நாற்றழுகல், ஈரமும் காற்றில்லாமையும் சேர்ந்தால் வரும் பூஞ்சை. சாய்ந்ததைப் பிடுங்கி எறியுங்கள். பெட்டியைத் திருப்பி, சரிவு வடக்கு பார்க்க வையுங்கள். விரலை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர்.

லெனேசியாவாசி:
திருப்பிவிட்டேன். ஆனால் இன்று மதியம் வெந்தயம் துவண்டு கிடந்தது. உள்ளே தெர்மாமீட்டர் 43 காட்டியது. வெளியே 19தான்!

செம்மண்:
மூடியை எப்போது திறந்தீர்கள்?

லெனேசியாவாசி:
திறக்கவில்லை.

செம்மண்:
கட்டாயம் திறக்க வேண்டும். காலை 9 மணிக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுங்கள், மதியம் முழுதாகத் திறங்கள். மூன்றரைக்கு மூடினால் அன்றைய சூடு உள்ளே தங்கும். நம் ஹைவெல்டில் (ஜோஹானஸ்பர்க் இருக்கும் உயர்ந்த பீடபூமி) குளிர்கால இரவு மேகமில்லாமல் வறண்டிருப்பதால் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். அதனால் இரவில் கண்ணாடிமேல் பழைய கம்பளி போடுங்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்த பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உள்ளே நிறுத்தினால் இன்னும் நல்லது. கொத்தமல்லி லேசான பனியைத் தாங்கும், அதற்காக ரொம்பப் பயப்பட வேண்டாம். மிளகாய் தாங்காது, அதை செப்டம்பர் முடியும்வரை வெளியே நடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, தொட்டியில் கறிவேப்பிலை இருந்தால் அதற்கும் இந்தக் குளிரில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை கொட்டினால் செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். வடக்கு பார்த்த சுவரோரம் வையுங்கள், துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

லெனேசியாவாசி:
9 நாள் ஆயிற்று. புதிதாக எதுவும் சாயவில்லை. கொத்தமல்லியில் அந்த நீளமான விதையிலை போய், ஓரம் வெட்டிய முதல் இலை வந்துவிட்டது. ஒன்றைக் கசக்கி முகர்ந்தேன், அதே வாசனை. செம்மண் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. கறிவேப்பிலை இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, ஆனால் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை.