பேரிடர் மீட்பு வேண்டாம், பேரிடர் மீட்சின்னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சொல்லுக்கெல்லாம் நம்ம குழுவுல தமிழ் தேடிக்கிட்டு இருக்கோம்ல, அதுல டிசாஸ்டர் ரெக்கவரிக்கு, அதாவது வெள்ளம், தீ மாதிரி ஏதாவது வந்து சர்வர் போனா திரும்ப வேலைய ஓட வைக்கிறதுக்கு, "பேரிடர் மீட்பு"ன்னு போட்டு முடிச்சிடலாம்னு போன மடல்ல ரெண்டு மூணு பேர் சொல்லியிருந்தீங்க. கொஞ்சம் பொறுங்க, எனக்கு அதுல பெரிய உறுத்தல் இருக்கு. நம்ம ஊர்ல பேரிடர் மீட்புன்னு சொன்னா யாருக்கும் சர்வர் ஞாபகம் வராது, ஆரஞ்சு உடுப்புல ரப்பர் படகுல வர்ற தேசிய பேரிடர் மீட்புப் படை தான் கண்ணு முன்னாடி நிக்கும். அந்தச் சொல்லு அவங்களுக்குப் போயாச்சு, உயிரைக் காப்பாத்துறவங்க கிட்ட இருந்து அதை நாம பிடுங்கவும் கூடாது.

இதை நான் அகராதிய வச்சுக்கிட்டு சொல்லல, பட்டதுனால சொல்றேன். 2015 வெள்ளத்தப்போ நான் ஒரு மருந்து மொத்த வியாபார கம்பெனில இருந்தேன், ஹெட் ஆபீஸ் ஈக்காட்டுத்தாங்கல், கிளை மதுரைலயும் திருநெல்வேலிலயும். டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகி கிரவுண்ட் ஃப்ளோர்ல இருந்த சர்வர் முங்கிப்போச்சு. பேக்கப் எடுத்து வச்ச ஹார்ட் டிஸ்க் எங்க இருந்துச்சுன்னா அதே ரூம்ல, பீரோவோட கீழ் தட்டுல. நல்லவேளையா ஞாயித்துக்கிழமை தோறும் மதுரைக்கு ஒரு காப்பி போய்க்கிட்டு இருந்துச்சு, வெள்ளம் வந்தது செவ்வாய்க்கிழமை, அதனால திங்களும் செவ்வாயும் போட்ட பில்லு அத்தனையும் போச்சு. அது ஒரு கணக்கு. அந்தக் காப்பியத் திறக்குற பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆளு முடிச்சூர்ல மொட்டைமாடில மாட்டிக்கிட்டு இருந்தாரு, போனும் கிடையாது, அவரைப் பிடிச்சு மதுரைல பில்லு போட ஆரம்பிக்க அஞ்சு நாள் ஆச்சு. அது இன்னொரு கணக்கு. எங்க கம்பெனிய யாரும் வந்து மீட்கல, நாங்களா தான் மீண்டோம்.

இந்த வித்தியாசம் தமிழ்லயே இருக்குங்க, அது தான் எனக்கு ஆச்சரியம். மீட்புன்னா ஒருத்தர் இன்னொருத்தரை மீட்கிறது. தானா மீண்டு வர்றது மீட்சி. ஆள் - ஆட்சி, காண் - காட்சி, அதே மாதிரி மீள் - மீட்சி. விழுந்த ஆபீஸ் தானே எழுந்து வேலைய ஆரம்பிக்கணும்னா அதுக்கு "பேரிடர் மீட்சி" தான் பொருந்தும், அதுக்குப் போடுற பிளான் "பேரிடர் மீட்சித் திட்டம்". ஒரு எழுத்து தானே மாறுதுன்னு விட்டுடாதீங்க, பொருள் அங்க தான் இருக்கு. "தரவு மீட்பு"ன்னு சிலர் எழுதியிருந்தீங்க, அது கெட்டுப்போன டிஸ்க்ல இருந்து ஃபைலை எடுக்கிற வேலை, அதை அதுக்கே வச்சுக்கலாம்.

பேரிடருக்கு அங்க "அனர்த்தம்"னு தான் சொல்லுவோம்னு யாழ்ப்பாணத்து அக்கா எழுதினது முக்கியமான விஷயம். இலங்கைல அரசாங்கமே அனர்த்த முகாமைத்துவ நிலையம்னு தான் சொல்லுது, அங்க குழந்தைக்கும் தெரிஞ்ச சொல்லு. இங்க அது பேச்சுல இல்ல, இங்க துறை பேரே பேரிடர் மேலாண்மைத் துறை. அதனால முன்பாதி ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கட்டும், பின்பாதி மட்டும் ரெண்டு பேருக்கும் பொதுவா "மீட்சி"ன்னு இருந்தா போதும்னு நினைக்கிறேன். அக்கா, இது உங்களுக்குச் சரிப்படுமா, நீங்க தான் சொல்லணும்.

அடுத்து ஆர்டிஓ (ரெக்கவரி டைம் ஆப்ஜெக்டிவ்), ஆர்பிஓ (ரெக்கவரி பாயின்ட் ஆப்ஜெக்டிவ்). இதுக்கு "மீட்பு நேர நோக்கம்", "மீட்புப் புள்ளி நோக்கம்"னு வந்த மொழிபெயர்ப்பைப் பார்த்து எனக்கு வருத்தமா இருந்துச்சு, பத்து வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கே என்ன சொல்றாங்கன்னு புரியல. மேல சொன்ன ரெண்டு கணக்கும் தான் இது. எத்தனை நாளுக்குள்ள எழுந்திரிக்கணும்னு நமக்கு நாமே வைக்கிறது கெடு. கடனுக்குக் கெடு, வரி கட்டக் கெடுன்னு எல்லா வியாபாரிக்கும் பழகின வார்த்தை. ஆர்டிஓ "மீட்சிக் கெடு". கடைசியா எடுத்த நகலுக்கும் விபத்துக்கும் நடுவுல எத்தனை நேரத்து வேலை போனா தாங்குவோம்ங்கிறது ஆர்பிஓ, அது "இழப்பு வரம்பு". எங்க மீட்சிக் கெடு ஒரு நாள், இழப்பு வரம்பு ஒரு மணி நேரம்னு சொன்னா முதலாளிக்கு உடனே புரியும், அந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ செலவாகும்னு அடுத்த கேள்வியும் அவரே கேட்பாரு. "கெடு"ல கெடுதல் தொனிக்குதுன்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கு அப்படித் தோணல.

பேக்கப்புக்கும் ரெப்ளிகேஷனுக்கும் ஒரே சொல்லு போடுறத மட்டும் தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. பேக்கப்னா அப்பப்போ எடுத்துத் தனியா வைக்கிறது, அது காப்புநகல்; ரெப்ளிகேஷன்னா ஒரு இடத்துல மாறினா இன்னொரு இடத்துலயும் தானா மாறுறது, அது இணைநகல்; ரெண்டும் வேற. 2017 ஜூன் 27 அன்னிக்கு நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் கப்பல் கம்பெனிய அடிச்சப்போ அவங்க டொமைன் கன்ட்ரோலர், அதாவது யாரு உள்ள நுழையலாம்னு பார்க்கிற சர்வர், எல்லாம் உலகம் முழுக்க ஒண்ணுக்கொண்ணு இணைநகலா தான் இருந்துச்சு, எல்லாம் சேர்ந்தே அழிஞ்சுபோச்சு, கானா நாட்டு ஆபீஸ்ல கரண்ட் போய் நெட்வொர்க்ல இல்லாம இருந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. அதை வச்சு தான் மத்ததெல்லாம் திரும்பக் கட்டுனாங்க, பத்து நாள்ல நாலாயிரம் சர்வர், நாப்பத்தஞ்சாயிரம் கம்ப்யூட்டர். இணைநகல் தப்பையும் சேர்த்தே நகல் எடுக்கும், பல ஊர்ல ஆபீஸ் வச்சிருக்கவங்க ஏமாறுற இடம் இது தான். காப்புநகலே இல்லாட்டி என்ன ஆகும்ங்கிறதுக்குத் தென்கொரியா இருக்கு, 2025 செப்டம்பர் 26 டேஜான்ல அரசாங்க டேட்டா சென்டர்ல பேட்டரி தீப்பிடிச்சு, ஊழியர்கள் ஃபைல் வச்சிருந்த ஜி-டிரைவ்ல 858 டெராபைட் போச்சு, வெளிய ஒரு காப்பி கூட இல்ல.

முதன்மை இடம் விழுந்தா வேலைய ஓட்டுற டிஆர் (டிசாஸ்டர் ரெக்கவரி) சைட்டுக்கு "மாற்றுத்தளம்", அதை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிற டிஆர் ட்ரில்லுக்கு "ஒத்திகை", இதுல சண்டை இருக்காதுன்னு நம்புறேன். நம்ம பங்குச்சந்தைகள் 2024 மார்ச் 2, சனிக்கிழமைல கடையத் திறந்து நிஜ வியாபாரத்தையே மாற்றுத்தளத்துக்கு மாத்தி ஓட்டிப் பார்த்தாங்களே, அது ஒத்திகை தான்.

ஒரு இடம் விழுந்ததும் வேலைய மாற்றுத்தளத்துக்கு மாத்துறது ஃபெயில்ஓவர், அதுக்கு தான் எனக்கு இன்னும் வழி தெரியல. "தளமாற்றம்"னு எழுதிப் பார்த்தேன், ஆபீஸைக் காலி பண்ணி வேற இடம் போற மாதிரி இருக்கு. "கைமாற்று"ன்னு ஒரு யோசனை, ஆனா அது வட்டியில்லாம வாங்குற சின்னக் கடன். திருநெல்வேலி கிளைல பில்லு போடுற தங்கச்சி போனை எடுத்து "அண்ணா, சென்னை போயிடுச்சு, மதுரைக்கு மாத்திட்டாங்க"ன்னு சொல்லும், அந்த "மாத்திட்டாங்க"ல இருந்து ஒரு பெயர்ச்சொல் எடுக்க முடிஞ்சா எனக்குத் திருப்தி. யாருக்காவது தோணினா எழுதுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள பட்டியலைச் சேர்த்து அனுப்புறேன்.